மலைப்பள்ளியில் துயர நிகழ்வுகளைச் சொல்லும் சிறுவர் நூல்கள்: அலமாரி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு அடித்துச் சென்றபோது, எல்லைக்கு இப்பால் கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இருந்த குழந்தைகள் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஆயத்தமான விடை இருக்கவில்லை. இத்தகைய துயரங்களைக் குழந்தைகளுக்கு ஏற்ற முறையில் சொல்லும் நூல்களைத் திரட்டி, ஒரு பள்ளியிலோ எஸ்டேட் லயனிலோ (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலோ) ஊர் நூலகத்திலோ சிறு அலமாரி வைக்க விரும்புவோர் நீலகிரியில் பலர் இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் அனுமதி பெறுவது, எதை வாங்குவது, என்ன செலவாகும், எந்த மாதத்தில் தொடங்குவது என்பவை ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நான் ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அலைந்து தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவர்கள் அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்தினருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. பணத்தை எடுக்கும் முன் கேள்விகளைத் திரட்டுங்கள்

பெரும்பாலோர் நூல் பட்டியலில் இருந்து தொடங்குகிறார்கள். அது தவறான முனை. கடைக்குப் போய் "சுனாமி பற்றிச் சிறுவர் நூல் இருக்கிறதா" என்று கேட்டால், ஆண்டும் இறந்தோர் எண்ணிக்கையும் அடுக்கிய பொது அறிவுப் புத்தகம்தான் கைக்கு வரும். அதில் குழந்தை கேட்ட எதற்கும் பதில் இருக்காது.

ஆகவே முதலில் வகுப்பில் மூடியுள்ள ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத சிறுவர்கள் வாயால் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே நீங்கள் எழுதிப் போடுங்கள். இரண்டு வாரம் போதும். நம் மலைப்பகுதியில் வரும் கேள்விகள் ஏறக்குறைய நான்கு வகையில் அடங்கிவிடும். "நம்ம மலையும் சரியுமா?" என்பது ஒன்று. "அவங்க ஏன் ஓடல?" என்பது இன்னொன்று. "யார் பண்ணின தப்பு?" என்பது மூன்றாவது. நான்காவது, நேரடியாக யாரும் எழுதாமல் சுற்றி வளைத்துக் கேட்பது: இறந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இப்போது யாரோடு இருக்கிறார்கள் என்பது. முதல் கேள்விக்கு நிலவியல் பேசும் நூலும், இரண்டாவதற்கு எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்லும் நூலும், மூன்றாவதற்கு மனிதர் செய்த பிழைகளை மறைக்காமல் சொல்லும் வரலாற்று நூலும், நான்காவதற்கு இழப்பைப் பற்றிய கதையும் வேண்டும். எந்த நிகழ்வைப் பற்றிய நூல் என்பது இதற்குப் பிறகே வருகிறது.

2. அனுமதியும் தாள்களும்

இடத்துக்கு ஏற்ப அனுமதி வேறுபடும். அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளி எனில் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடச் செய்யுங்கள். அக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதால், பின்னாளில் யாரேனும் ஒரு பெற்றோர் "என் பிள்ளைக்கு ஏன் சாவைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் தீர்மானமே பதிலாக நிற்கும். வாய்மொழி அனுமதியை நம்பித் தொடங்காதீர்கள்; தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் அனுமதியும் அவரோடு போய்விடும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருவதால், கல்வித்துறை அலுவலகத்தில் பெற்ற கடிதம் அங்கே செல்லாது. எஸ்டேட் லயனில் வைப்பதானால் தோட்ட மேலாளரின் கடிதம் தேவை. ஊர் நூலகத்தில் வைப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. நூலகரையும் வாசகர் வட்டத்தினரையும் பார்த்துப் பேசினால் போதும். ஆனால் கொடுத்த நூல்கள் பொது இருப்பில் கலந்துவிடாமல் தனித் தட்டில் இருக்கும் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டியவை: நூல்களின் பட்டியல், ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வரிச் சுருக்கம், எந்த வகுப்புக்கு உரியது என்ற குறிப்பு, வாசிக்கும் நேரத்தில் உடனிருக்கும் பெரியவரின் பெயர், அவருடைய அடையாள அட்டை நகல். வெளியாள் ஒருவர் குழந்தைகளோடு அமர்ந்து பேசப்போகிறார் என்பதால் இந்தக் கடைசித் தாளைப் பள்ளிகள் இப்போது கட்டாயமாகக் கேட்கின்றன, கேட்பதும் சரியே. நூல்களை நன்கொடையாக ஒப்படைக்கும் நாளில் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஏற்றிய பக்கத்தை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாசிப்பதைப் படமெடுத்து வெளியிட நினைத்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் தனியே வேண்டும். இழப்பைப் பற்றிப் பேசும் நேரத்தில் படமே எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

அனுமதிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். தேர்வுக் காலத்தில் விண்ணப்பித்தால் அதுவும் போதாது.

3. நூலைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எந்த நூலையும் முழுவதும், சத்தமாக, ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அட்டையில் இருக்கும் வயதுக் குறிப்பை அப்படியே நம்ப முடியாது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் பிரிக்கப்பட்டிருப்பது உங்களுக்கு உதவும். உங்கள் பள்ளிக் குழந்தை அவற்றில் எந்த நிலையை எளிதாக வாசிக்கிறது என்று பார்த்து, துயரத்தைப் பற்றிய நூலை அதற்கு ஒரு படி கீழே தேர்ந்தெடுங்கள். பொருளே கடினமாக இருக்கும்போது மொழியும் கடினமாக இருக்கக் கூடாது.

வாசிக்கும்போது நான் பார்ப்பவை இவை. முதலாவது, காரணம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது. "மலைக்குக் கோபம் வந்தது", "கடலம்மா தண்டித்தாள்" என்னும் நூல்களை, படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். மாவட்ட நிர்வாகம் அபாயகரமானவை என்று அடையாளம் கண்ட 283 இடங்கள் நீலகிரியில் இருக்கின்றன. 2009 நவம்பர் மழையில் இங்கே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. இவ்வளவும் நடந்த மலையில் வளரும் குழந்தைக்கு, மண்ணுக்குள் நீர் ஊறி அழுத்தம் கூடும்போது சரிவு நகர்கிறது, செங்குத்தாக வெட்டிய கரையும் அடைபட்ட வடிகாலும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று சொல்வதே பொருத்தம். கோபக்கார மலையைப் பற்றிய கதை அந்தக் குழந்தையின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். சரிவு எப்படி நகர்கிறது என்று தெரிந்த குழந்தையோ வீட்டுப் பின்புறச் சுவரில் புது விரிசல் கண்டால் பெரியவரிடம் வந்து சொல்லும்.

இரண்டாவது, நூலில் உதவி செய்யும் மனிதர்கள் இருக்கிறார்களா, அறிந்து தப்பியவர்கள் இருக்கிறார்களா என்பது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிய நூல்களில், கடல் பின்வாங்குவதைக் கண்டதும் பள்ளியில் கற்ற பாடத்தை நினைவுகூர்ந்து தாய்லாந்துக் கடற்கரையில் இருந்தவர்களை எச்சரித்த பத்து வயதுச் சிறுமியின் நிகழ்வு வருகிறதா என்று பாருங்கள். இந்தோனேசியாவின் சிமேயுலூ தீவில் முன்னோர் விட்டுச்சென்ற பாட்டும் கதையும் நில அதிர்வு வந்தவுடன் மேட்டுக்கு ஓடச் சொன்னதால் மிகச் சிலரே இறந்தார்கள் என்னும் செய்தியும் அப்படிப்பட்டது. "அவங்க ஏன் ஓடல?" என்ற கேள்விக்கு, ஓடியவர்களின் கதையே விடையின் முதல் பாதி.

மூன்றாவது, உண்மை விவரங்கள். கதையின் தேவைக்காக உண்மையை மாற்றிய நூல்கள் புகழ்பெற்றவற்றிலும் உண்டு. ஹிரோஷிமா குண்டுவீச்சில் இரண்டு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1955இல் பன்னிரண்டு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியைப் பற்றி, எலினோர் கோர் 1977இல் எழுதிய நாவலில் அச்சிறுமி 644 காகிதக் கொக்குகளோடு நின்றுவிடுகிறாள். அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்றே ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் சொல்கிறது. இதற்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளட்டையில் ஒரு சிறு தாளை ஒட்டி, இது கதை, நடந்தது இது என்று எழுதிவிட்டால் போதும். இத்தகைய திருத்தத் தாளை மேல்வகுப்பு மாணவர்களையே தேடி எழுதச் சொல்லலாம். அவர்கள் இதில் காட்டும் ஆர்வம் கதையை வாசிப்பதில் காட்டுவதைவிட அதிகம். இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடும் இடங்களில், எந்தத் தேதியில் யார் சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். வயநாட்டில் காணாமல் போனோரைச் சேர்த்த கணக்கும் சேர்க்காத கணக்கும் வேறு வேறு என்பதை அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

நான்காவது, பழி யார்மேல் போகிறது என்பது. இந்தியா–பாகிஸ்தான் பிரிவினையைப் பற்றிய நூலில் ஒரு மதத்தினர் முழுவதும் கொடியவர்களாகவும் மற்றவர் முழுவதும் பாதிக்கப்பட்டவர்களாகவும் இருந்தால், கூடலூர் போன்ற பல சமயத்தவர் ஒரே பெஞ்சில் அமரும் ஊரில் அந்த நூல் வகுப்பறைக்குள்ளேயே வேலையைக் காட்டும். நீனா சப்நானி எழுதி, துலிகா வெளியிட்ட முகுந்த், ரியாஸ் என்னும் இரு சிறுவர்களின் கதையைப் போல, நட்பின் வழியே பிரிவைச் சொல்லும் நூல்கள் தொடக்கப்பள்ளிக்கே ஏற்றவை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் தொடங்கிய போபால் நச்சுவாயுக் கசிவு போன்ற, நிறுவனத்தின் பொறுப்பைப் பேச வேண்டிய நிகழ்வுகளை எட்டாம் வகுப்புக்கு மேல் வையுங்கள். அங்கே "விபத்து" என்ற சொல்லோடு நின்றுவிடும் நூல் போதாது.

நிகழ்வுகளின் வரிசை பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: தொலைவில் நடந்ததை முதலிலும் அருகில் நடந்ததைப் பின்னரும் வைக்க வேண்டும். ஹிரோஷிமாவும் கடற்கரைச் சுனாமியும் மலைக்குழந்தைக்குத் தொலைவு. அவற்றில் பேசிப் பழகிய பின் நிலச்சரிவுக்கு வரலாம். 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள் இறந்த கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை, வகுப்பறையில் அமர்ந்தபடியே தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைப் பற்றிய நூல் கிடைத்தாலும் ஆசிரியர் மேசையில் இருக்கட்டும். வெளியேறும் வழி, தீயணைப்புக் கருவி பற்றிய பாடத்துக்கு அவருக்கே அது உதவும்.

இங்கே ஒரு பொறியைக் குறிப்பிட வேண்டும். நிலச்சரிவில் அழிந்த வெள்ளார்மலை அரசுப் பள்ளியின் மாணவர் இதழில், பேரிடருக்கு முன்பே ஒரு மாணவி எழுதியிருந்த கதையில், பறவை ஒன்று வந்து மழை ஆபத்திலிருந்து ஓடிவிடுமாறு குழந்தைகளை எச்சரிக்கிறது. கேரளச் செய்திகளின் வழியே இக்கதை நம் பக்கமும் பரவியது. நல்ல கதை, வாசிக்கத் தக்கது. ஆனால் "முன்கூட்டியே தெரிந்திருக்கிறது பாருங்கள்" என்று வியந்து அதை அறிமுகப்படுத்துவோர் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், அடுத்த மழையில் கெட்ட கனவு கண்ட ஒவ்வொரு குழந்தையும் அது நடக்கும் என்று நம்பும். அந்த மாணவி தன் மலையின் மழையைக் கவனித்து எழுதினாள் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை.

மொழியையும் பாருங்கள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தைகளுக்கும் வீட்டில் படுகு மொழி அல்லது மலையாளம் பேசும் குழந்தைகளுக்கும் எழுத்துத் தமிழ் இன்னொரு சுமையாக இருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு நூல்களாவது சொற்களற்ற படநூல்களாகவோ மிகக் குறைந்த சொற்கள் உள்ளவையாகவோ இருக்கட்டும். வங்காளத்துப் பட்டுவா ஓவியர்கள் வரைந்த சுனாமிச் சுருளைத் தாரா பதிப்பகம் நூலாக வெளியிட்டிருக்கிறது. சுருளை விரித்துப் பாட்டாகச் சொல்லும் அந்த முறையை, நூலை வாங்காவிட்டாலும், உங்கள் குழந்தைகள் வரையும் படங்களில் பின்பற்றலாம்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

தமிழில் இப்பொருளில் நூல்கள் குறைவு. துலிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பட்டியல்களை முழுமையாகப் பாருங்கள். "பேரிடர்" என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காதவை "நட்பு", "இயற்கை", "வரலாறு" என்னும் பிரிவுகளில் இருக்கும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம். உரிமம் திறந்தது என்பதால் ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்களை நீக்காமல் எத்தனை படியும் எடுக்கலாம். மொழிபெயர்ப்பின் தரம் மட்டும் ஏறி இறங்கும். சத்தமாக வாசித்துப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

மெல்லிய படநூல்கள் பெரும்பாலும் 50 ரூபாயிலிருந்து 250 ரூபாய்க்குள் இருக்கும். இருபத்தைந்து நூல்கள் கொண்ட தொடக்க அலமாரிக்கு, அவற்றில் சில பதிவிறக்கி அச்சிட்டவை என்று வைத்துக்கொண்டால், மூவாயிரம் முதல் நான்காயிரம் ரூபாய் வரை எடுத்து வையுங்கள். அச்சிட்ட நூல்களுக்கும் சிறுவர் படநூல்களுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. ரசீதில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். வண்ண அச்சு உதகையிலும் குன்னூரிலும் பக்கக் கணக்கில் விலை ஏறிவிடும் என்பதால், பதினாறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலை அச்சிடுவதைவிட விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

அவசரமில்லை எனில் புத்தகக் காட்சிக்குக் காத்திருங்கள். ஜனவரியில் சென்னை, ஜூலையில் கோவை. 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும் என்பதைவிட, வாங்கும் முன் நூலைப் புரட்டிப் பார்க்க முடியும் என்பதே அங்கு போவதற்கான முதல் காரணம். நன்கொடையாளர் பெயரில் பள்ளிக்கு வாங்கினால், ரசீதைப் பள்ளியின் பெயரில் எழுதச் சொல்லுங்கள்; பதிவேட்டில் ஏற்ற அது வேண்டும்.

5. மலைக்குக் கொண்டுவருதல்

அஞ்சலில் வரவழைப்பதே எளிய வழி. 2025 மே முதல் அஞ்சல்துறை கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களுக்காக ஞான் போஸ்ட் என்னும் சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியே வருவதால் தாமதமாகும். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் மேலும் தாமதமாகும். பொட்டலத்தின் மேல் "ஞான் போஸ்ட்" என்று எழுதச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சாதாரணப் பார்சல் கட்டணம் விழும். நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. ஆகவே நீங்களே அச்சிட்ட கதைகளை இதில் அனுப்ப முயலாதீர்கள்.

கோவையிலிருந்து நண்பர் காரில் கொண்டுவருகிறார் என்றால், வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். கட்டணம் இல்லை, இணையத்தில் உடனே கிடைக்கும். நூல்களைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டாமல் அட்டைப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் பேச்சு குறையும்.

6. ஈரம்

சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்த இரும்பு பீரோவே நம் ஊருக்கு ஏற்றது. மர அலமாரி ஈரத்தை இழுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் மேல்தட்டில் வையுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வாரம் ஒருமுறை நூல்களைத் திறந்து விசிறி வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நூலை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

7. எந்த மாதத்தில் தொடங்குவது

ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. காரணம் நூல்களின் பாதுகாப்பு மட்டும் அன்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது நிலச்சரிவைப் பற்றிய நூலைத் திறந்தால், குழந்தையின் காது கூரையில்தான் இருக்கும். வறண்ட மாதங்களில் அறிவியலைப் பேசி முடித்துவிட்டால், ஜூன் மாத மழை தொடங்கும்போது வடிகாலைச் சுத்தம் செய்வது, விரிசலைக் கவனிப்பது, சாய்ந்த மரத்தைப் பற்றித் தெரிவிப்பது என்று குழந்தைக்குச் செய்ய ஏதாவது இருக்கும். நிகழ்வின் நினைவு நாளில் தொடங்கும் ஆசை பலருக்கு வரும்; ஜூலை 30 மழையின் உச்சம், டிசம்பர் 26 விடுமுறை. இரண்டும் உதவா.

மழைக்காலத்தில் அலமாரியை மூட வேண்டியதில்லை. அப்போது துயர நூல்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, வேறு கதைகளை மேலே வையுங்கள். கேட்கும் குழந்தைக்கு எடுத்துக் கொடுங்கள்.

8. வாசிக்கும் நாளில்

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே குழுவில் வேண்டாம். காலை வேளையில் வாசியுங்கள். மாலையில் வாசித்தால் குழந்தை அந்த நினைவோடு இருட்டில் லயனுக்கு நடந்து போகும். தொடங்கும் முன் வகுப்பாசிரியரிடம், அண்மையில் வீட்டில் சாவு நடந்த குழந்தை யாரேனும் உண்டா, வயநாட்டில் உறவினரை இழந்தவர் உண்டா என்று தனியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு முன்னதாகவே சொல்லி, இருக்கலாம், வெளியே விளையாடவும் போகலாம் என்று தேர்வை அதனிடமே விடுங்கள். எல்லோர் முன்னிலும் "உனக்குத்தான் தெரியுமே, சொல்லு" என்று கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்விகளுக்கு விடை தெரியாதபோது "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறக்காமல் அடுத்த வாரம் சொல்லுங்கள். "நமக்கு அப்படி எதுவும் நடக்காது" என்று மட்டும் உறுதி கொடுக்காதீர்கள். அடுத்த மழையில் பாதை சரிந்தால் உங்கள் சொல் போய்விடும். "மழை அதிகமானால் நாம் எங்கே போவோம் என்று உன் வீட்டில் முடிவு செய்திருக்கிறார்களா?" என்று கேட்பது நல்லது. அந்த விடையை வீட்டுப்பாடமாகக் கேட்டுவரச் சொன்னால், பெற்றோரும் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசுவார்கள்.

தூக்கமின்மை, பள்ளிக்கு வர மறுத்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நூலால் தீரும் வேலை அன்று. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்று எண்களையும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

9. நூல் இல்லாத நிகழ்வுக்கு நாமே நூல் செய்தல்

நம் மாவட்டத்துக் குழந்தைகள் கேட்கும் இரண்டு நிகழ்வுகளுக்கு ஏற்ற சிறுவர் நூல் கடையில் தேடிக் கிடைக்கவில்லை. ஒன்று, 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தது. மற்றொன்று, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வேரோடு பெயர்த்து அனுப்பப்பட்டு, பலர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் கதை. ஒரு தேசமே பேசிய துயரம் முதலாவது. இரண்டு தேசங்கள் கையெழுத்திட்டு உண்டாக்கிய இரண்டாவதை, தாயகம் திரும்பியோர் என்னும் அரசுச் சொல்லுக்கு அப்பால் இக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே அறியாமல் இருக்கிறார்கள்.

இவற்றுக்கு ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு கையெழுத்து நூல் செய்யலாம். பதினாறு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு படமும் மூன்று வரியும். ஒரு பருவம் முழுவதும் ஒதுக்குங்கள். செலவு தாளுக்கும் வண்ணத்துக்கும் நகலுக்கும் சில நூறு ரூபாய்தான். பள்ளிக்குள் மட்டும் வைப்பதானால் ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண் தேவையில்லை. வெளியே விற்க நினைத்தால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் அதை இலவசமாகப் பெறலாம்; வெளியிட்ட பின் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற நூலகங்களுக்கும் படிகள் அனுப்ப வேண்டியிருக்கும். முதல் முயற்சியிலேயே அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

தாயகம் திரும்பியோர் கதைக்கு வீட்டில் இருக்கும் ஆவணங்களே மூலம்: கண்டியில் வழங்கிய பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த தாள்கள். இவற்றின் அசலை எக்காரணத்துக்காகவும் பள்ளிக்கு எடுத்துவரச் சொல்லாதீர்கள். சான்றிதழுக்கும் வீட்டுமனைக்கும் அக்குடும்பங்கள் இன்றும் அவற்றையே காட்டவேண்டியிருக்கிறது. தொலைந்தால் திரும்பப் பெறுவது அரிது. வீட்டுக்கே சென்று, தாத்தா பாட்டி முன்னிலையில் ஒளிப்படம் எடுத்து, நூலில் போடும்போது எண்களையும் பெயர்களையும் மறைத்துவிடுங்கள்.

ஹெலிகாப்டர் விபத்துக்கோ வேறு வகையான கவனம் வேண்டும். விபத்து நடந்த நாள் முதலே சதி என்று பேசிய செய்திகள் கைப்பேசிகளில் சுற்றின. குழந்தைகள் முதலில் எழுதிக் கொண்டுவருவது அவற்றைத்தான். முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சதியையும் இயந்திரக் கோளாறையும் மறுத்து, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் மேகத்துக்குள் புகுந்த விமானி திசை நிலை தடுமாறியதைக் காரணமாகக் கூறியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் அது மனிதப் பிழை என்று பட்டியலிடப்பட்டது. இரண்டையும் தேதியோடு எழுதச் செய்யுங்கள். ஊர்மக்கள் வீட்டுக் கம்பளிகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடியதற்குக் குறைந்தது நான்கு பக்கம் கொடுங்கள். நேரில் பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், ஆனால் குழந்தைகளைக் கூட்டமாக அழைத்துப்போய் அவர்களிடம் நிறுத்தாமல், ஆசிரியர் முதலில் தனியே சென்று, பேச விருப்பமா என்று கேட்டு வரவேண்டும்.

காரணத்தைச் சொல்லும் பக்கத்தை மட்டும் தைக்காமல், தனித்தாளாகக் கிளிப்பில் வைத்துக் கட்டுங்கள். புதிய அறிக்கை வரும்போது அந்தத் தாளை மாற்றி, பழையதைக் கடைசி உறையில் தேதியிட்டுப் போட்டுவைக்க முடியும்.